பதினோராம் நம்பர் கைப்பட்டை

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இரண்டு விரலால் பிடித்துக் கைப்பட்டையின் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். கறுப்பு ரப்பர் பட்டை. நடுவில் நகத்தளவு கண்ணாடி. கண்ணாடிக்கு இருபுறமும் பொட்டு மாதிரி இரண்டு வெள்ளித் தகடுகள். கண்ணாடிக்குள்ளிருந்து வரும் பச்சை வெளிச்சம் நாடியைப் பார்க்கும், தகடுகள் தோலின் ஈரத்தையும் சூட்டையும் பார்க்கும். போட்டிருப்பவர் ஒரு நாள் முழுக்க விட்ட வியர்வையும் தேய்த்த சோப்பும் அந்த இடுக்கில்தான் வந்து உட்காரும். பல்குத்தும் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி அதையும் எடுத்துவிடுவாள். இப்படி ஒரு நாளைக்குப் பதினெட்டு. ஆளுக்கு இரண்டு பட்டை; ஒன்று கையில், ஒன்று சார்ஜில். காலை எட்டு மணிக்கு வந்து பழையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சார்ஜ் ஏறியதை மாட்டிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஆய்வுக்கூடத்தில் அவள் பெயர் பட்டையக்கா. இருபத்திரண்டு வருஷமாக அங்கே உதவியாளர். அதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருந்தாள். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. ஆனால் பட்டைகள் அனுப்பும் கோடுகள் திரையில் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, அவற்றைப் பேருந்தின் நம்பர் பலகை போலப் படிக்கப் பழகியிருந்தாள். “ஏழாம் நம்பர் நேத்து தூங்கவே இல்ல” என்பாள். “மூணாம் நம்பர் பட்டையைக் கழட்டி மேஜைமேல வச்சுட்டுப் போயிருக்கு. மேஜைக்கு ஏது நாடி?” என்பாள். மூன்றாம் நம்பரைக் கூப்பிட்டுக் கேட்டால், தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொள்ளும்.

காபி குடித்தவரின் உடம்பில் நடப்பதைக் கையிலிருக்கும் பட்டையே கண்டுபிடித்துவிட முடியுமா என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. நடத்தியவர் டாக்டரம்மா. கோடுகளைப் பார்த்து, இவர் இப்போது குடித்திருக்கிறார், இவர் குடிக்கவில்லை என்று ஊகிக்கும் புரோகிராமை எழுதியவள், கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும் ஒரு பெண். முதல் சுற்றில் எல்லாரையும் கூடத்திலேயே உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு நாள் நிஜக் காபி, ஒரு நாள் காஃபீனை நீக்கிய காபி. நிறமும் வாசனையும் ஒன்று. கசப்பும் ஏறக்குறைய ஒன்று. எந்த நாளில் எது என்று டாக்டரம்மாவுக்கும், கலந்து கொடுத்த பட்டையக்காவுக்கும் மட்டும் தெரியும். “ஒரே ஒரு க்ளூ குடுங்கக்கா” என்று ஹெட்போன் பெண் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள். பட்டையக்கா வாயைத் திறந்ததில்லை. அந்தச் சுற்று முடிந்தபோது காஃபீன் நீக்கிய பொடி அரைப் பை மீந்து, அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது.

அடுத்தது வீட்டுச் சுற்று. வழக்கம்போல் வீட்டிலோ கடையிலோ குடிக்கலாம். குடிக்கும்போது பட்டையிலுள்ள சின்னப் பட்டனை ஒரு தடவை அமுக்க வேண்டும். அமுக்கியது புரோகிராமுக்குத் தெரியாது. அது தன் பாட்டுக்கு ஊகிக்கும். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இனி அவளுடைய வீடு. அங்கே அவளுக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அதற்கு வயது இருபத்தெட்டு. கல்யாணமான மறுநாள் பிறந்தது.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினாலு வயதில் அம்மாவை இழந்தவர். அவருடைய அண்ணனுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. சோறு போட்டதிலிருந்து மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டதுவரை எல்லாவற்றையும் புதிதாக வந்த அந்த அண்ணிதான் பார்த்துக்கொண்டார். அண்ணன் போய் ஆறு வருஷமாகிறது. கீழே இவர்கள், மாடியில் அண்ணி தனியாக. பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக் கொடுப்பது அண்ணியின் தொழில். முட்டிவலியால் கீழே இறங்குவது குறைவு. கடைச்சாமான் எல்லாம் பட்டையக்காதான் வாங்கிக் கொடுப்பாள்.

மெக்கானிக் நான்கு மணிக்கு வீடு வந்து, கையிலுள்ள கிரீஸ் போகும்வரை தேய்த்துக் கழுவி, நாலரைக்கு மாடியேறுவார். பதினேழு படி. ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வருவார். அண்ணன் போனதிலிருந்து, கடைசிப் படியில் கால் வைக்கும்போது ஒரு வாக்கியம் சொல்வார்.

“அண்ணி காபின்னா அது தனிதான்.”

யாரிடமும் சொல்வதில்லை, காற்றிடம்தான். ஆனால் அந்தக் கடைசிப் படிக்கு எதிரேதான் சமையலறை ஜன்னல்.

அவள் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே பால், ஒரே கடைப் பொடி, ஒரே சர்க்கரை, வாங்குகிறவளே அவள்தானே. அண்ணி வைத்திருப்பது போலவே அடி கனத்த பாத்திரம் ஒன்று வாங்கினாள். ஒரு நாள் மாடிக்குப் போய்ப் பக்கத்திலேயே நின்று அண்ணி கலப்பதைப் பார்த்தாள். ரகசியம் ஒன்றுமில்லை. கீழே வந்து அதேபோல் கலக்கப்போய், பாலைப் பொங்கவிட்டு அடுப்பெல்லாம் வழியவிட்டதுதான் மிச்சம். மகள் சிறு பிள்ளையாக நடக்கப் பழகியபோது முதல் நாலு அடியை மாடிப்படியை நோக்கித்தான் வைத்தாள். அதையும் அவள் மறக்கவில்லை.

இதை வெளியே சொல்லவும் வழியில்லை. அறுபதைத் தாண்டிய அண்ணிமேல் பொறாமை என்றால் கேட்பவர் சிரிப்பார். வேறு பெண்ணாக இருந்திருந்தால் வாசலில் நின்று சண்டையாவது போட்டிருக்கலாம். அண்ணியிடம் என்னவென்று போடுவது? காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து அனுப்புகிறவர், மகள் பிரசவத்துக்கு முட்டிவலியோடு வந்து பத்து நாள் நின்றவர். அவள் ஆசைப்பட்டது அதிகம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, அந்த மனிதர் மாடியிலிருந்து இறங்கும்போது “இன்னைக்குக் காபி சரியில்ல” என்று சொல்ல வேண்டும். அதை ஜன்னல் வழியாக அவள் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டுச் சுற்றில் ஒருவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போனார். ஐம்பதைத் தாண்டியவர், தினமும் காபி குடிப்பவர் ஒருவர் வேண்டும் என்றார் டாக்டரம்மா.

“எங்க வீட்டுக்காரர் இருக்காரு மேடம்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. அவர் உடம்புல நடக்கறதெல்லாம் இங்க தெரியும். உங்களுக்குச் சங்கடமா இருக்காதா?”

“அவர் உடம்புல இருந்து வர்றதை இருபத்தெட்டு வருஷமாத் துவைச்சுட்டிருக்கேன் மேடம். புதுசா என்ன தெரிஞ்சிடப்போகுது?”

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மெக்கானிக் பதினோராம் நம்பர் ஆனார்.

அன்று மாலை அவளே அவர் இடது கையில் பட்டையை மாட்டினாள்.

“எதைக் குடிச்சாலும் இந்தப் பட்டனை ஒரு தடவை அமுக்கணும்.”

“ரெண்டு தடவை அமுக்கினா?”

“மேல்மாடிக்குப் போகும். அதான் உங்களுக்கு வழி தெரியுமே.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஸ்பிரிங் நல்லா இருக்கு” என்றார். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் அமுக்கிய பட்டன்களைச் சரிபார்த்தவர். தனக்கென்று ஒரு பட்டன் கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான்காம் நாள் மதியம், மேஜையைத் துடைக்கிற சாக்கில் ஹெட்போன் பெண்ணின் பின்னால் போய் நின்றாள்.

“பதினொண்ணு எப்படி?”

“தங்கமான ஆளுக்கா. நிமிஷம் தவறாம பட்டனை அமுக்கறாரு. உங்க சார்தானே?”

“ம்.”

திரையில் முந்தின நாளின் கோடு இருந்தது. மாலை நாலரைக்கு அது சட்டென்று எகிறி நின்றது. பட்டையக்கா துடைப்பதை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். இருபத்தெட்டு வருஷமாக நினைத்தது இதோ கண்ணெதிரே கோடாக நிற்கிறது.

“இது என்ன, இப்படி எகிறியிருக்கு?”

“எங்க? ஓ, அதுவா. படியேறினது. பாருங்க, கீழ அசைவுக் கோடும் கூடவே எகிறுது. பதினஞ்சு, பதினேழு படி இருக்கும்.” அந்தப் பெண் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். “காபி இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது. அரைமணி கழிச்சுப் பார்க்கணும். தோல்ல ஈரம் கூடும், கை லேசாக் குளிரும். நாடி ஆளுக்கு ஆள் மாறும். இதோ அஞ்சு மணிக்கு இருக்கே, இதுதான் சாயந்திரக் காபி. இது காலையில வீட்டுல குடிச்சது. ரெண்டும் ஒரே அளவுதான் பண்ணியிருக்கு. என் புரோகிராமுக்கு வித்தியாசமே தெரியல.”

“ஒரே அளவா?”

“அச்சு அசல்.”

அன்று பேருந்தில் உட்கார இடம் கிடைக்காததுகூட அவளுக்குத் தெரியவில்லை. உடம்பே சாட்சி சொல்லிவிட்டது. என் காபியும் அண்ணி காபியும் ஒன்றுதான். வீட்டுக்கு வந்து பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். அஞ்சரைக்குப் படியில் காலடி கேட்டது. கடைசிப் படி.

“அண்ணி காபின்னா அது தனிதான்.”

கத்தி பீன்ஸில் அப்படியே நின்றது. உடம்பு ஒன்று சொல்கிறது, வாய் வேறு சொல்கிறது. அப்படியானால் காபியில் உடம்புக்கு உறைக்கிற அந்தச் சரக்கை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அப்போதும் இந்த வாய் இதையே சொல்லுமா? அவளுக்கு அலமாரியின் அடித்தட்டு ஞாபகம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவளுக்குத் தோன்றுகிற யோசனை அது. வேறு எந்த வீட்டிலும், வேறு எந்த ஓரகத்திக்கும் தோன்றியிருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்கு வழக்கம்போல் சாமான் கொண்டுபோனாள். காபிப்பொடி டப்பாவில் மட்டும் ஆய்வுக்கூடத்துப் பொடி இருந்தது. பழைய டப்பாவில் மிச்சமிருந்த நாலு கரண்டியை, “இது நமத்துப்போச்சுக்கா, நான் எடுத்துட்டுப் போறேன்” என்று கையோடு எடுத்துக்கொண்டாள். விஷமா கொடுக்கிறேன், பதினெட்டுப் பேர் குடித்து நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அஞ்சரை மணி.

“அண்ணி காபின்னா அது தனிதான்.”

முதல் நாள், நாக்குக்கு இன்னும் தெரியவில்லை என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை அவர் கடைசிப் படியில் கொஞ்சம் நின்று, வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு.”

குழம்பில் அன்று உப்பு இரண்டு தடவை விழுந்தது. அவர் தண்ணீர் குடித்துக் குடித்து அதையும் சாப்பிட்டார்.

புதன் காலை, பட்டைகளை வாங்கிவைத்துக்கொண்டிருந்தபோது ஹெட்போன் பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“பதினொண்ணு என்னை அழவைக்குது அக்கா.”

“ஏன், என்ன?”

“ரெண்டு நாளா சாயந்திரம் பட்டனை அமுக்கறாரு. உடம்புல காபியே இல்லைங்குது புரோகிராம். காலையில சரியாப் பிடிக்குது, சாயந்திரம் கோட்டைவிடுது. நேத்துப் பூரா உக்கார்ந்து திருத்தினேன். ஒண்ணும் நடக்கல. உங்க சார் சும்மா அமுக்கறாரா?”

“சும்மா அமுக்கமாட்டாரு. அவருக்குப் பொய் வராது.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளைக் குத்தியது. பொய் வராதவர் செவ்வாய்க்கிழமை ரொம்ப நன்றாக இருந்தது என்றிருக்கிறார்.

“ஆனா ஒண்ணு பாருங்க.” அந்தப் பெண் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள். “படியேறினது இங்க முடியுது. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம், எவ்வளவு சமமா இருக்கு பாருங்க. நாடி இறங்கி, தோல் காய்ஞ்சு, ஒரு அசைவு இல்ல. தூக்கத்தை விட்டா இந்த மனுஷனுக்கு நாள் முழுக்க இவ்வளவு அமைதியான இடம் வேற இல்ல. போன வாரம் காபி ஈரம் மேல ஏறி இதை மூடியிருந்திருக்கு. அங்க என்னக்கா பண்றாரு, தியானமா?”

“காபி குடிக்கறாரு.”

“காபி இல்லைங்குதே!” என்று சிரித்தாள் அந்தப் பெண். “காலையில நேர் எதிர். ஆறரைக்குக் கப்பு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஏறிடுது. யாரோ தலைமாட்டுல நின்னு மிரட்டற மாதிரி.”

தலைமாட்டில் நிற்பவள் பஞ்சைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அவர் வேலைக்குக் கிளம்புமுன் பிடித்தால்தான் உண்டு என்று, காலையில் கப்போடு சேர்த்துத்தான் எல்லாவற்றையும் நீட்டுவாள். குழாய் ஒழுகுகிறது, மகள் போன் பண்ணினாள், பக்கத்து வீட்டுச் சாக்கடை நம் பக்கம் திரும்புகிறது, மாப்பிள்ளைக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா. எல்லாம் கேட்க வேண்டியவைதான். யார் கேட்பார்கள் வேறு?

இத்தனை நாள் அவள் பயந்தது அங்கே ஏதோ ஏறுகிறது என்று. ஏறியிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருப்பாள். இறங்குகிறது என்றால் என்ன செய்வது? பொடியை மாற்றி, மூடியிருந்ததை அவள் கையாலேயே திறந்துவைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் மெக்கானிக் மாடிப்படியின் நடுவில் தைலப் புட்டியோடு நின்றார்.

“அண்ணிக்கு நேத்துலேர்ந்து தலைவலியாம். இன்னைக்கு எந்திரிக்கவே முடியல. மெஷின் பக்கமே போகலையாம். உங்கிட்ட வலி மாத்திரை இருக்கா?”

அவளுக்குக் கை சில்லிட்டது. பட்டை போட்டிருந்தால் அதுவும் கோட்டில் தெரிந்திருக்கும். முதல் சுற்றில் எல்லாருக்கும் அவள்தான் ஒரு தாள் கொடுப்பாள். அதில் இரண்டாவது வரியே அதுதான். தினமும் காபி குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தலை பிளக்கும். அண்ணி தைத்துக்கொண்டே ஒரு நாளைக்கு நாலு தடவை குடிப்பவர். மெக்கானிக்கின் ஒரு கப்பைப் பற்றியே நினைத்தவளுக்கு அண்ணியின் நாலு கப் நினைவிலேயே வரவில்லை.

அந்த மாலை அவர் மூன்று தடவை மாடியேறினார். தைலம் தேய்க்க ஒரு தடவை, வெந்நீர்ப் பை வைக்க ஒரு தடவை, சும்மா பார்த்துவர ஒரு தடவை. மறுநாள் வேலைக்கே போகவில்லை. இரண்டு நாளும் அண்ணியின் டப்பாப் பொடியில் அவரே காபி கலந்து, இருவரும் குடித்தார்கள். “ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா?” என்று கேட்டார். பொறாமையில் அவள் செய்த காரியம், நாளுக்கு ஒரு மணி நேரம் மேலே இருந்தவரை நாள் முழுக்க மேலே உட்காரவைத்துவிட்டது.

வியாழன் சாயந்திரம் அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, தன் வீட்டுப் பொடியை ஒரு பொட்டலத்தில் கட்டிக்கொண்டு மாடியேறினாள். அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நெற்றியில் ஒரு துணி இறுக்கிக் கட்டியிருந்தது. தையல் மெஷின்மேல் பொத்தான் துளை போடாத சட்டைகள் குவிந்து கிடந்தன.

“எந்திரிங்கக்கா. காபி போட்டுத் தர்றேன்.”

“வேண்டாம். நாலு நாளாக் குடிச்சுட்டுத்தானே இருக்கேன், தலைவலி கூடுதே தவிர...”

“இதைக் குடிச்சுப் பாருங்க.”

இரண்டு கரண்டி அதிகம் போட்டுக் கலந்தாள். அண்ணி இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குடித்தார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷத்தில் அண்ணி துணியைத் தானே அவிழ்த்தார்.

“விட்டுடுச்சே!”

“ம்.”

“உன் கை ராசி.” அண்ணி கப்பின் அடியைப் பார்த்தார். “அந்த டப்பாப் பொடியில வாசனை இருக்கு, உயிர் இல்ல. திங்கட்கிழமையே நினைச்சேன். தம்பி நல்லா இருக்குன்னுதான் சொல்லுச்சு. அது பேச்சை யாரு நம்புவா!”

“ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?”

“அது எதைக் குடுத்தாலும் சொல்லும். அவங்க அண்ணன் தினமும் ‘உன் காபின்னா அது தனிதான்’னு சொல்லுவாரு. அவரு போன மறுவாரம் தம்பி வந்து உக்கார்ந்துச்சு, காபி குடிச்சுச்சு, எந்திரிக்கும்போது அவரு மாதிரியே சொல்லுச்சு. சொல்லலன்னா நான் உடைஞ்சுடுவேன்னு நினைக்குது. ஆறு வருஷமா, வாய்ப்பாடு மாதிரி. வெந்நீர் குடுத்தாலும் ‘தனிதான்’னும்.” அண்ணி சிரித்தார்; தலை வலித்ததால் பாதியில் நிறுத்தினார். “வேற ஒண்ணும் பேசாது. நான் மெஷினை ஓட்டுவேன், அது உக்கார்ந்திருக்கும்.”

“ஒண்ணுமே பேசமாட்டாரா?”

“நானும் ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

அவள் கப்பைக் கழுவி, டப்பாவிலிருந்த பொடியைப் பையில் கொட்டிக்கொண்டு, தன் பொடியை அதில் போட்டாள். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கடைக்காரனை மாத்து” என்றார் கடைசியில். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எவ்வளவோ தேவலை என்று இருந்தது பட்டையக்காவுக்கு. தெரிந்துகொண்டே கேட்காமல் விடுகிற அந்தக் குணத்துக்காகவும் அவள் அந்த நிமிஷம் அண்ணிமேல் பொறாமைப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை ஹெட்போன் பெண் பதினோராம் நம்பரையே ஆய்விலிருந்து நீக்கிவிடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்கப் புறப்பட்டாள். பட்டையக்கா வழியை மறித்து நின்றாள்.

“அந்த நாலு சாயந்திரத்தை மட்டும் எடுத்துடு. உன் புரோகிராம் தப்புப் பண்ணல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“க்ளூ க்ளூன்னு கேப்பியே. இந்தா, இதுதான்.”

அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றினாள். அலமாரியின் அடித்தட்டைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“அக்கா...”

“மேடம்கிட்ட நானே சொல்லிக்கறேன்.”

சொன்னாள். டாக்டரம்மா கத்தவில்லை. அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டை துடைக்கும் வேலை மட்டும் அவளிடம் மிஞ்சியது. இருபத்திரண்டு வருஷம் இடுப்பில் தொங்கிய சாவி.

வீட்டுச் சுற்று முடிந்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள்: எத்தனை தடவை பட்டன் அமுக்கினார்கள், புரோகிராம் எத்தனையைக் கண்டுபிடித்தது என்று. மெக்கானிக் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு மணிக்கு வந்தார். கை கழுவிவிட்டு வந்தவர் முன்னால் அவள் ஒரு கப் காபியை வைத்தாள். அந்த நேரத்தில் கீழே காபி வைப்பது வழக்கமில்லை. அவர் கப்பையும் அவளையும் பார்த்தார். பிறகு குடித்தார். குடித்து முடித்ததும் அவருடைய வலது கட்டைவிரல், பட்டை இல்லாத இடது மணிக்கட்டை ஒரு தடவை அமுக்கியது.

தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

“இதுல நாலு சாயந்திரத்தை அடிச்சிருக்காங்க. கணக்குல சேர்க்கலையாம். நான் அமுக்கினேனே.”

“அமுக்கினீங்க. நீங்க செஞ்சது சரி.”

“அப்ப மெஷின் தப்பா?”

“மெஷினும் சரி.”

பட்டனும் சரி, மோட்டாரும் சரி என்றால் நடுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அது அவர் தொழிலில் முதல் பாடம். தாளிலிருந்த தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“இதே நாலு நாள்தான் அண்ணிக்கு...”

“பொடியை மாத்தினது நான்தான்.”

அவர் விரலைத் தாளிலிருந்து எடுத்தார். குரல் உயரவில்லை.

“எதுக்கு?”

“நல்லா இல்லைன்னு நீங்க ஒரு தடவை சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.”

“அவங்ககிட்ட போய் நான் எப்படி அதை...”

“தெரியும். அக்கா சொன்னாங்க. அதை விடுங்க, அது வாய். நான் கேக்கறது வேற.” அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தே பல நாளாகியிருந்தது. “அந்த நாலு நாளும் உங்க உடம்புல காபியே இல்ல. ஆனாலும் அங்க போய் உக்கார்ந்ததும் எல்லாம் அடங்குது. இங்க நான் கப்பைத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே ஏறுது. யாரும் சொல்லி நான் கேக்கல, கோட்டை நானே பார்த்தேன். இங்க ஏன் அடங்கமாட்டேங்குது?”

மெக்கானிக் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். சட்டைப்பையில் வைத்தார். காலிக் கப்பை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் கழுவி, கவிழ்த்துவைத்தார். அவர் அந்த வீட்டில் கப் கழுவி அவள் பார்த்ததில்லை. திரும்பி வந்து நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளினார். மணி நாலரை ஆகியிருந்தது.

“நான் கேட்டேனே?” என்றாள்.

கதவுச் சட்டத்தில் ஒரு நொடி கைவைத்து நின்றார். பிறகு அறையைவிட்டு வெளியே போய், மாடியின் முதல் படியில் கால் வைத்தார்.